தமிழ் வரிசைப்படுத்தல் (மென்பொருள்)

தமிழ் வரிசைப்படுத்தல் என்பது மென்பொருள்களில் தமிழ்ச் சொற்களையும் பெயர்களையும் தமிழ் நெடுங்கணக்கின் முறைப்படி அடுக்குவதைக் குறிக்கும். தேடல் முடிவுகள், நூலகப் பட்டியல்கள், அகராதிகள், பெயர்ப் பட்டியல்கள், தரவுத்தளங்கள் ஆகியவற்றில் இது தேவைப்படுகிறது. கணினி எழுத்துக்களை எண்களாகவே சேமிக்கிறது. அவ்வெண்களின் ஏறுவரிசை தமிழின் அகரவரிசையோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. ஆகவே மொழியறிந்து வரிசைப்படுத்தும் தனி விதிகள் மென்பொருளுக்கு வேண்டியுள்ளன.

வரிசைப் பிழை அழகு தொடர்பான குறை மட்டுமன்று. அச்சு அகராதியைப் புரட்டுபவரைப் போலவே, கணினிப் பட்டியலைப் பார்ப்பவரும் ஒரு சொல் இருக்கவேண்டிய இடத்திலேயே அதைத் தேடுகிறார். அங்கே காணாவிட்டால் அது பட்டியலிலேயே இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். இவ்வாறு இருக்கும் தரவு இல்லாததாகி விடுகிறது.

பின்புலம்

தமிழ் எழுத்துக்களுக்கு ஒரு நிலையான வரிசை பழங்காலத்திலேயே இருந்தது. தொல்காப்பியத்தின் நூன்மரபு, எழுத்துக்கள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எனத் தொடங்குகிறது. எனினும் சொற்களை அவ்வரிசையில் அடுக்கும் வழக்கம் பிற்காலத்தில்தான் தோன்றியது. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையாலேயே தொகுத்தன. 1594 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் சிதம்பரம் இரேவண சித்தரின் அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732), சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) ஆகியவை இம்முறையை வளர்த்தெடுத்தன. அகரம், ஆதி என்னும் இரு சொற்கள் இணைந்தே அகராதி என்னும் பெயர் உருவானது.

கொங்கு நாட்டுக்கு இம்மரபில் தனி இடம் உண்டு. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பெ. தூரன் (1908–1987) இன்றைய ஈரோடு மாவட்டத்தில் பிறந்தவர். தமிழ் வளர்ச்சிக் கழகம் அதனைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. அதன் கட்டுரைகள் அனைத்தும் தலைப்பின் அகரவரிசையில் அமைந்தவை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இத்தகைய நூல்களை மின்வடிவில் கொண்டுவரும்போது எழும் முதற் சிக்கல்களுள் ஒன்று வரிசைப்படுத்தலாகும்.

தமிழ் எழுத்துக்களின் வரிசை

இக்கால அகராதிகளில் பெரிதும் பின்பற்றப்படும் வரிசை பின்வருமாறு:

* உயிர்: அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ
* ஆய்தம்: ஃ
* மெய்: க், ங், ச், ஞ், ட், ண், த், ந், ப், ம், ய், ர், ல், வ், ழ், ள், ற், ன்
* கிரந்தம்: ஜ், ஶ், ஷ், ஸ், ஹ், க்ஷ்

ஒவ்வொரு மெய்யும் முதலில் புள்ளியுடனும், அதன்பின் அகரம் முதல் ஔகாரம் வரையிலான உயிர்மெய்களாகவும் அமையும். அதாவது க், க, கா, கி, கீ எனத் தொடங்கிக் கௌ என முடியும். ஆகவே அகராதியில் "அக்கா" என்னும் சொல் "அகம்" என்னும் சொல்லுக்கு முன்னே வரும்.

குறியெண் வரிசையும் அகரவரிசையும்

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன (இக்கட்டுரையில் குறியெண்கள் பதின்ம முறையில் தரப்பட்டுள்ளன). மொழியறியாத மென்பொருள் இவ்வெண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. அதனால் ஏற்படும் வேறுபாடுகள் ஐந்து வகைப்படும்.

1. னகரம். ந (2984), ன (2985), ப (2986) என்பதே குறியெண் வரிசை. தமிழில் ன இறுதி எழுத்தாகும். எடுத்துக்காட்டாக, அகரவரிசையில் அந்தியூர், அவிநாசி, அன்னூர் என்று வரவேண்டிய ஊர்கள், குறியெண் வரிசையில் அந்தியூர், அன்னூர், அவிநாசி என வருகின்றன.

2. றகரம், ழகரம், ளகரம். குறியெண் வரிசை ர, ற, ல, ள, ழ, வ (2992–2997) என்பதாகும். தமிழ் வரிசை ர, ல, வ, ழ, ள, ற என்பதாகும். ஆகவே பல்லடம், பவானி, பழனி என்னும் முறை, பல்லடம், பழனி, பவானி என மாறிவிடுகிறது.

3. புள்ளி. புள்ளியின் குறியெண் 3021. இது உயிர்மெய்க் குறிகள் அனைத்தையும் விடப் பெரியது. எழுத்துக்களின் குறியெண்களையும் விடப் பெரியது. ஆகவே புள்ளி பெற்ற மெய், அதன் உயிர்மெய்கள் அனைத்திற்கும் பின்னே தள்ளப்படுகிறது. கோயம்புத்தூரை அடுத்த மத்தம்பாளையம், மதுக்கரை ஆகிய ஊர்களில் மத்தம்பாளையமே முதலில் வரவேண்டும். குறியெண் வரிசையில் மதுக்கரை முந்திக்கொள்கிறது. கொங்கு வழக்கிலுள்ள "அம்மிணி", "அமுச்சி" ஆகிய சொற்களும் இவ்வாறே இடம் மாறுகின்றன. தமிழில் மெய்யெழுத்து இடம்பெறாத சொற்கள் குறைவு என்பதால், ஐந்து வகைகளுள் மிகுதியான பிழைக்கு இதுவே காரணமாகிறது.

4. கிரந்த எழுத்துக்கள். ஜ (2972) என்பது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் உள்ளது. விற்பனைப் பொருட்களின் பட்டியல் ஒன்றில் சேலை, தேங்காய், மஞ்சள், ஜமக்காளம் என்பது அகரவரிசை. குறியெண் வரிசையில் பவானி நெசவாளரின் ஜமக்காளம் சேலைக்கு அடுத்து நிற்கும்.

5. ஆய்தம். ஆய்தத்தின் குறியெண் (2947) அகரத்தின் குறியெண்ணை (2949) விடச் சிறியது. ஆகவே கோயம்புத்தூர்த் தொழிற்கூடங்களின் பெயர்ப் பட்டியலில் "ஃபவுண்டரி" எனத் தொடங்கும் பெயர் ஔகாரத்துக்குப் பின் வருவதற்கு மாறாக, அகரத்துக்கும் முன்னே பட்டியலின் தலைப்பில் வந்து நிற்கும்.

வேறுபாட்டின் காரணம்

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. இஸ்கி இந்திய எழுத்துமுறைகள் பலவற்றை ஒரே கட்டமைப்புக்குள் அடக்கியது. அதில் ஒத்த ஒலியுடைய எழுத்துக்கள் எல்லா மொழிகளிலும் ஒரே இடத்தைப் பெற்றன. தேவநாகரியின் வரிசையே அதற்கு அளவுகோலாக இருந்தது. தமிழுக்குச் சிறப்பான ன, ற, ழ ஆகியவை முறையே ந, ர, ள ஆகியவற்றின் அருகில் செருகப்பட்டன. 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பு இவ்வடுக்கையே ஏற்றது. ஒருமுறை குறியெண் பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் நிலையான கொள்கை. எனவே இவ்வடுக்கு இனி மாறாது.

குறிமுறைகளின் வரலாறு

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் வழங்கிய திஸ்கி, தாம், தாப் முதலிய எண்பிட்டுக் குறிமுறைகளில் சிக்கல் இதனினும் கடுமையானது. (தாம், தாப் ஆகியவை 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டவை.) இவை எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் முறையிலேயே சேமித்தன. "கொ" என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் முறையில் பதிவாகும். எனவே பெருந்துறை, கொடுமுடி, பொள்ளாச்சி ஆகிய மூன்று ஊர்களும் கொம்பில் தொடங்கும் சொற்களாகக் கருதப்பட்டு ஒரே இடத்தில் திரண்டன. ஒருங்குறி, மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அதன் பின்னும் சேமிப்பதால் இக்குறை நீங்கியது.

2010 கோயம்புத்தூர் மாநாடு

2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கொடிசியா வளாகத்தில் நடைபெற்றது. அதனுடன் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமத்தின் ஒன்பதாவது தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. தொடக்க நாளாகிய சூன் 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை, ஒருங்குறியைத் தரமாக ஏற்றதுடன், அதனை முழுமையாகப் பயன்படுத்த இயலாத இடங்களுக்கு டேஸ்16 என்னும் பதினாறு பிட்டுக் குறிமுறையையும் மாற்றுத் தரமாக ஏற்றது.

டேஸ்16 குறிமுறையில் உயிர்மெய்கள் உட்பட ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் உண்டு. அவை நெடுங்கணக்கின் வரிசையிலேயே அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே எண்களை ஒப்பிட்டாலே அகரவரிசை கிடைத்துவிடும். தனி விதி எதுவும் தேவையில்லை. இதுவே அதன் ஆதரவாளர்கள் முன்வைத்த வாதங்களுள் முதன்மையானது.

மறுதரப்பினர், குறியெண் வரிசையும் அகரவரிசையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் எம்மொழிக்கும் இல்லை என வாதிட்டனர். ஆங்கிலத்திலும் பெரிய எழுத்துக்கள் அனைத்தும் சிறிய எழுத்துக்களுக்கு முன்னே குறியெண் பெற்றிருப்பதால், அம்மொழிக்கும் ஒப்பீட்டு விதிகள் தேவைப்படுகின்றன. மேலும் டேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் இடங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதால், பொதுத் தகவற் பரிமாற்றத்துக்கு அது பொருந்துவதில்லை. இணையத்தில் ஒருங்குறியே நிலைத்தது. வரிசைச் சிக்கலுக்கு ஒப்பீட்டு விதிகள் வழியாகவே தீர்வு காணப்பட்டது.

செயல்படும் முறை

ஒருங்குறிச் சேர்த்தியம் வரையறுத்துள்ள ஒப்பீட்டு வழிமுறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறியெண்ணிலிருந்து வேறான ஓர் எடை உண்டு. சொற்களை ஒப்பிடும்போது குறியெண்களுக்கு மாறாக இவ்வெடைகளே ஒப்பிடப்படுகின்றன. இதன் படிகள் வருமாறு:

* இயல்பாக்கம்: ஒரே எழுத்தின் வேறுபட்ட பதிவுகள் ஒன்றாக்கப்படும். "கொ" என்பதிலுள்ள குறியை ஒரே குறியெண்ணாகவும் (3018) பதியலாம்; கொம்பு (3014), கால் (3006) என இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.
* எடையிடல்: இயல்பு நிலை அட்டவணையிலேயே தமிழ் மெய்கள் க முதல் ன வரை தமிழ் முறையில் அமைந்து, கிரந்த எழுத்துக்கள் இறுதியில் வருகின்றன.
* இணைத்தல்: தமிழுக்குரிய தனி விதிகள் மெய்யையும் புள்ளியையும் சேர்த்து ஓர் அலகாகக் கொண்டு, அதனை அகர உயிர்மெய்க்கு முன்னே வைக்கின்றன.
* திறவு அமைத்தல்: சொல்லின் எடைகள் அனைத்தும் கோக்கப்பட்டு ஒரு வரிசைத் திறவாகும். தரவுத்தளம் இத்திறவைச் சேமித்து வைத்து விரைவாக ஒப்பிடும்.

மொழிவாரியான தனி விதிகள் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் எனப்படும் தொகுப்பில் உள்ளன. ஒருங்குறிச் சேர்த்தியம் இதனை 2004 முதல் பராமரித்து வருகிறது. ஐசியூ என்னும் திறந்த மூல நிரலகம் இவ்விதிகளைச் செயற்படுத்துகிறது.

மொழியைக் குறிப்பிடாமல் பொது அட்டவணையை மட்டும் பயன்படுத்தினால், மேற்கூறிய ஐந்து வகைகளுள் மெய்களின் வரிசை சரியாகும். புள்ளியின் வரிசை சரியாகாது. பட்டியல் பெரும்பாலும் சரியாகத் தோன்றுவதால் இப்பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

தேடல் முடிவுகளில் வரிசைப்படுத்தல்

தேடுபொறிகள் பொதுவாக முடிவுகளைப் பொருத்தத்தின் அடிப்படையில் அடுக்குகின்றன. நூலகப் பட்டியல், ஊர்ப் பட்டியல், சொல்லடைவு போன்றவற்றில் அகரவரிசையே பயனுள்ளது. இங்கே கருத்திற்கொள்ள வேண்டியவை சில:

பக்கமிடல். முடிவுகள் பக்கத்துக்கு இருபது எனக் காட்டப்படுமாயின், முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்திய பின்னரே பக்கங்களாகப் பிரிக்கவேண்டும். தரவுத்தளம் குறியெண் வரிசையில் பிரித்து அனுப்ப, உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் தமிழ் முறையில் அடுக்கினால், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சரியாகவும் முழுமையும் தவறாகவும் அமையும்.

பிற மொழி வரிசை. பட்டியலை ஆங்கிலப் பெயர்களின் வரிசையில் அமைத்துவிட்டுத் தமிழ்ப் பெயர்களை மட்டும் காட்டுவது மற்றொரு பிழையாகும். அவ்வாறாயின் அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர் என மாவட்டங்கள் அமையும். தமிழ் மட்டும் அறிந்த பயனருக்கு இதில் எவ்வொழுங்கும் புலப்படாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினால் இவ்வரிசையும் மாறும். 2020 சூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அதில் கோயம்புத்தூரின் முதலெழுத்தும் மாறியிருந்தது. தமிழ் அகரவரிசையில் அந்நகரின் இடமோ மாறவில்லை.

எழுத்துப் போலிகள். "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவை" எனத் தட்டச்சுவோர் பலர். திரையில் பெரும் வேறுபாடு தெரிவதில்லை. கணினிக்கு இவை வேறு சொற்கள். ஒன்று ஔகாரத்திலும் மற்றொன்று ஒகரத்திலும் அடுக்கப்படும். ஸ்ரீ என்னும் எழுத்தும் ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் இருவகையாகப் பதியப்படுகிறது. இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. உள்ளீட்டின்போதே திருத்துதல் இதற்குத் தீர்வாகும்.

மாற்றுப் பெயர்கள். கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை, உடுமலைப்பேட்டை, உடுமலை, இராசிபுரம், ராசிபுரம் ஆகியவை வழக்கிலுள்ள வடிவங்கள். இவற்றை வரிசை விதிகளால் இணைக்க இயலாது. மாற்றுப் பெயர்களின் அட்டவணை ஒன்று தனியே வேண்டும். வேற்றுமை உருபு ஏற்ற வடிவங்களுக்கும் (கோவையில், கோயம்புத்தூருக்கு) சொல்லாய்வு தேவைப்படுகிறது.

எண்கள். கோயம்புத்தூர் மாநகராட்சியில் 100 வார்டுகள் உள்ளன. எண்ணறியாத வரிசையில் வார்டு 1, வார்டு 10, வார்டு 100, வார்டு 11 என அமைந்து, வார்டு 2 மிகவும் பின்னே வரும். எண்களை மதிப்பால் ஒப்பிடும் விருப்பத்தேர்வு ஐசியூ நிரலகத்தில் உண்டு.

மென்பொருள்களில் நிலை

* போஸ்ட்கிரெஸ்கியூஎல்: 2017 இல் வெளியான 10 ஆம் பதிப்பு முதல் ஐசியூ விதிகளைப் பயன்படுத்தலாம். நெடுவரிசையின் மொழி தமிழ் எனக் குறிப்பிட்டால் அகரவரிசை கிடைக்கும். நிரலகத்தின் பதிப்பு மாறும்போது சுட்டுகளை மீண்டும் கட்டவேண்டும்.
* மைஎஸ்கியூஎல்: பழைய பொது ஒப்பீடு தமிழைக் குறியெண்ணாலேயே அடுக்கியது. 8.0 பதிப்பின் இயல்பு ஒப்பீடு ஒருங்குறியின் பொது அட்டவணையைப் பின்பற்றுகிறது. சிங்களத்துக்குத் தனி ஒப்பீட்டு விதி இப்பதிப்பில் இடம்பெற்றுள்ளது, தமிழுக்கு இடம்பெறவில்லை.
* எஸ்கியூலைட்: இயல்பு நிலையில் குறியெண் வரிசையையே தருகிறது. ஐசியூ நீட்சியை இணைத்து இதனை மாற்றலாம். ஆண்ட்ராய்டு இயங்குதளம் பயனரின் மொழிக்கேற்ற ஒப்பீட்டை இதனுடன் சேர்த்து வழங்குகிறது.
* ஜாவாஸ்கிரிப்ட்: வெறும் வரிசைப்படுத்தும் கட்டளை குறியெண்களையே ஒப்பிடும். 2012 இல் தரப்படுத்தப்பட்ட பன்னாட்டுமயமாக்கல் இடைமுகத்தின் ஒப்பீட்டுப் பொருளுக்குத் தமிழின் மொழிக்குறியைத் தந்தால் தமிழ் வரிசை கிடைக்கும்.
* லிப்ரே ஆஃபீஸ்: விரிதாளில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் எனத் தெரிவு செய்யலாம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் தமிழ் விதிகள் ஏற்கெனவே அமைந்துள்ளன அல்லது இணைக்கத்தக்கனவாக உள்ளன. எனினும் மொழியைக் குறிப்பிடும் பொறுப்பு நிரலாளருடையது. அவர் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் பிழைச்செய்தி எதையும் காட்டாமல் தவறான வரிசையைத் தந்துவிடும்.

சோதிக்கும் முறை

ஒரு மென்பொருள் தமிழை முறையாக வரிசைப்படுத்துகிறதா என்பதைப் பின்வரும் பட்டியலைக் கொண்டு அறியலாம்.

* சரியான வரிசை: அந்தியூர், அவிநாசி, அன்னூர், ஈரோடு, பல்லடம், பவானி, பழனி, மத்தம்பாளையம், மதுக்கரை, ஜமக்காளம்
* குறியெண் வரிசை: அந்தியூர், அன்னூர், அவிநாசி, ஈரோடு, ஜமக்காளம், பல்லடம், பழனி, பவானி, மதுக்கரை, மத்தம்பாளையம்

இரண்டாவது வரிசை கிடைத்தால் மென்பொருள் குறியெண்களை மட்டுமே ஒப்பிடுகிறது எனக் கொள்ளலாம். மதுக்கரையும் மத்தம்பாளையமும் மட்டும் இடம் மாறியிருந்தால், பொது அட்டவணை பயன்படுகிறது என்றும் தமிழுக்குரிய தனி விதிகள் இணைக்கப்படவில்லை என்றும் அறியலாம்.

இவற்றையும் பார்க்க

* தமிழ் நெடுங்கணக்கு
* ஒருங்குறி
* திஸ்கி
* தமிழ்99
* தமிழ் இணைய மாநாடுகள்
* பெ. தூரன்